கழிவு போடாத எடை

மேல்பட்டாம்பாக்கம்,
சனிக்கிழமை காலை

சௌபாக்கியவதி தங்கை ஸ்ரீமதிக்கு, உன் அண்ணன் கார்த்திகேசன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அண்ணி தமிழ்ச்செல்வியும் சௌக்கியம். என் தொப்பை மட்டும் முன்புபோல் சௌக்கியமாக இல்லை. சிதம்பரத்தில் நீயும் மச்சான் வைத்திலிங்கமும் தைரியமாக இருக்க நடராஜர் துணையிருக்கட்டும். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ அழுவாய், உனக்கு முன்னால் நான் அழுதுவிடுவேன். தவிர, கொஞ்ச நாள் போனில் நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். எழுத்தில் நான் பொய் சொன்னதில்லை. சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் கரும்பு லாரிகளின் எடையை எழுதிய கை இது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். என் கிட்னி உனக்குப் பொருந்தும் என்று கடலூர் டாக்டர் சொன்ன அன்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டு, "ஆனா நீங்க தொண்ணூத்திரண்டு கிலோ இருக்கீங்க, ஒத்தக் கிட்னியை வச்சிக்கிட்டு இந்த உடம்பு தாங்காது, எண்பத்தாறுக்கு வாங்க, அப்பறம்தான் ஆபரேஷன்" என்றார். ஆறென்ன, ஒரே மாதத்தில் இருபது கிலோ குறைத்துக் காட்டுகிறேன் என்று நான் சொன்னதும், உணவு ஆலோசனை சொல்கிற பிரிசில்லா என்ற பெண், "அங்கிள், வாரத்துக்கு அரை கிலோ. மூணு, மூணரை மாசத்துல ஆறு கிலோ. அதான் நடக்கிற காரியம்" என்றாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. எங்கள் எடைமேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். அரை கிலோ என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே நான் ஒப்புக்கொண்டதில்லை. அந்தப் பெண் கொடுத்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து வெள்ளரிக்காயும் வெந்நீருமாக ஆரம்பித்தேன். நாலாம் நாள் கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது கண்ணை இருட்டி, பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மடியில் விழுந்தேன். கனகாம்பரம் அத்தனையும் நசுங்கிப் போனது. அந்த அம்மாள் திட்டுவாள் என்று பார்த்தால், "இந்த வயசுல சாப்புடாம இருக்கலாமாய்யா, யாரு வூட்டுப் புள்ளையோ" என்று பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு இட்லியும் இரண்டு வடையும் தின்ன வைத்துவிட்டுத்தான் போனாள். நாலு நாள் பட்டினி அரை மணி நேரத்தில் பைசல் ஆனது.

இனிமேல்தான் பொய் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் லூர்துசாமியின் அரிசிக் கடையில், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று எடை பார்த்து உனக்குப் போன் செய்தேன் அல்லவா? ஆலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரி எடை ஒன்று, கரும்பு எடை வேறு. சோகை என்கிற காய்ந்த தோகை, மண், வேர், கட்டின கயிறு எல்லாவற்றுக்கும் கழிவு போட்டுத்தான் சீட்டில் எழுதுவோம். கை சும்மா இருக்குமா? வேட்டி சட்டைக்குக் கழித்தேன். பச்சை பெல்ட்டுக்கு, செல்போனுக்கு, ரிட்டயராகி ஒரு வருஷமாகியும் இடுப்பை விட்டு இறங்காத சாவிக்கொத்துக்குக் கழித்தேன். அதோடு நின்றிருந்தால் நியாயம். காலையில் குடித்த காபிக்கும், இன்னும் செரிக்காத தோசைக்கும், கடைசியில் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கு சோகைக்கும் கழித்தேன். என் உடம்பில் சோகை எங்கே இருக்கிறது என்று உன் அண்ணி கேட்டாள். எல்லா உடம்பிலும் இருக்கும் என்றேன். இப்படித்தான் அம்மா, தொண்ணூற்றிரண்டு கிலோ அண்ணன் ஒரே மாதத்தில் எண்பத்தெட்டரை ஆனான்.

நீ அதை நம்பினாய். நம்பி, சந்தோஷத்தில், அண்ணன் பட்டினி கிடக்கிறாரே என்று மச்சானிடம் ஒரு பெரிய தூக்கு நிறையக் கத்தரிக்காய் கொத்சும் சம்பா சாதமும் கொடுத்தனுப்பினாய். உனக்கு டாக்டர் தடுத்துவிட்ட கொத்சு. நாக்கில்கூட வைத்துப் பார்க்காமல் கண்திட்டத்திலேயே உப்புப் போட்டுச் செய்திருக்கிறாய் என்று மச்சான் சொன்னார். அதை மிச்சம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. உனக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரித் தராசு தொண்ணூற்றிரண்டு புள்ளி நாலு காட்டியது. நான் கழிவுக் கணக்கை விளக்கினேன். பிரிசில்லா சிரிக்காமல் கேட்டுவிட்டு, "அங்கிள், நீங்க கரும்பு இல்ல. உங்க தங்கச்சி அங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மடித்து வைத்த தாளைப் பிரித்தேன்.

அதிலிருந்து அரை கிலோவுக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தேன். ராத்திரிக்கு இரண்டு இட்லி, காலையில் ஆற்றங்கரையில் ஒரு மணி நேர நடை, மத்தியானம் காய்கறி நிறைய, சோறு ஒரு கரண்டி, சாயங்காலம் கேழ்வரகுக் கஞ்சி. ஐந்து வாரத்தில் இரண்டரை கிலோ இறங்கியது. அப்புறம் மூன்று வாரம் ஒரு கிராம்கூட அசையவில்லை. தராசின்மேல் சந்தேகப்பட்டு, முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல்லை வைத்துச் சோதித்தேன். லூர்துசாமி கோபித்துக்கொண்டதுதான் மிச்சம், தராசு சரியாக இருந்தது. பிறகு வீட்டுச் சமையல் சாமான்களைத் தினமும் எடை போட்டுப் பார்த்தேன். உப்பு, புளி, பருப்பு எதிலும் வழக்கத்தைவிட வித்தியாசமில்லை. நெய் டின் மட்டும் தினமும் ஐம்பது கிராம் இளைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் நெய் சேர்க்கிறவர் யாருமில்லை. கஞ்சியை முகர்ந்து பார்த்தேன், நெய் மணந்தது.

உன் அண்ணியைக் கேட்டேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எடை எறங்கலன்னா ஆபரேஷன் தள்ளிப்போவும்ல. அவுங்க உங்களை அறுக்கப் போறாங்க. எனக்கு இருக்கிறது நீங்க ஒருத்தருதான?" என்றாள். ஸ்ரீமதி, அவள் கெட்டவள் இல்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை என்னிடம் சொல்லாமலே பஸ் ஏறிச் சிதம்பரம் வந்தாள். டயாலிசிஸ் நாற்காலியில் உனக்கு நாலு மணி நேரம் ரத்தம் சுற்றி முடிகிறவரை காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, "அண்ணி எதுக்கு வந்தாங்க, ஒண்ணுமே பேசல"ன்னு நீ கேட்டியே, இதுக்குத்தாம்மா வந்தா. ராத்திரி வந்ததும் நெய் டின்னை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். மறுநாளிலிருந்து நான் நடக்கப் போகும்போது அவளும் கூடவே வருகிறாள். எனக்கு முன்னால் வேகமாகப் போய், திரும்பி நின்று முறைக்கிறாள்.

அதற்கப்புறம் ஆறு வாரம், வாரம் அரை கிலோ தவறவில்லை. நாளை மறுநாள் திங்கட்கிழமை டாக்டர் எடை பார்க்கிறார். சரியாக இருந்தால் தேதி குறிப்பார், இல்லையென்றால் இரண்டு மாதம் தள்ளிப்போகும். இன்று காலை லூர்துசாமி கடையில் நின்றேன். இந்தத் தடவை ஒரு கிராம் கழிவு போடவில்லை, உன்மேல் ஆணை. எண்பத்தாறு புள்ளி ஒன்பது. தொள்ளாயிரம் கிராம் அதிகம். வெள்ளரிக்காயில் தொலைத்த மாதமும் நெய்யில் போன மூன்று வாரமும் இருந்திருந்தால் எப்போதோ தாண்டியிருப்பேன். உன் கை வீங்கியிருக்கிறது என்று மச்சான் சொன்னார். இன்னும் இரண்டு மாதம் அந்தக் கையை ஊசிக்குக் கொடு என்று எந்த முகத்தோடு சொல்வேன்? உன் அண்ணனை மன்னித்துக்கொள். திங்கட்கிழமை டாக்டர் காலில் விழுந்தாவது கேட்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் அண்ணியிடம் காட்டாதே.

மச்சானுக்கு என் அன்பைச் சொல். தீர்க்காயுசாக இரு, தாகத்துக்குத் தண்ணீரை அளக்காமல் குடிக்கிற நாள் உனக்குச் சீக்கிரம் வரட்டும்.

உன் அண்ணன்,
கார்த்திகேசன்

பி.கு.: ஸ்ரீமதி, நான் அண்ணி எழுதுகிறேன். கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி உங்க அண்ணன் என்னிடமே கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். படித்துவிட்டேன். இந்த மனுஷன் கழிக்க வேண்டாததையெல்லாம் கழித்தார், இப்போது கழிக்க வேண்டியதையும் கழிக்க மாட்டேன் என்கிறார். பிரிசில்லாவுக்குப் போன் போட்டேன். "ஆன்ட்டி, ஆஸ்பத்திரி கவுன் மாத்திட்டுத்தான் எடை எடுப்போம்" என்றது. உடனே அவர் கழற்றிப் போட்ட வேட்டி, சட்டை, பெல்ட், செல்போன், அந்தப் பாழாய்ப்போன சாவிக்கொத்து எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு லூர்துசாமி கடைக்கு ஓடி நிறுத்தேன். ஒரு கிலோ நூறு கிராம். கவுனுக்கு இருநூறு கிராம் போட்டாலும் சரியாக எண்பத்தாறு வருகிறது. திங்கட்கிழமை அவருக்குக் காலைக் காபி கிடையாது. எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆபரேஷனுக்கு அவரை நானேதான் கூட்டிக்கொண்டு வருவேன். கடையிலிருந்து இதை எழுதுகிறேன், வீட்டில் அவர் துண்டோடு நின்று வேட்டியைத் தேடிக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் தேடட்டும், இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுப் போகிறேன்.