ஓடைக்கரைப் போர் நடந்த இடம்

ஓடைக்கரைப் போர் 1749-ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கி, மழை வந்ததால் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நவாப்பின் ஆட்களும் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களும் நனைந்துகொண்டே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து அந்தப் போரை இணையக் கலைக்களஞ்சியத்தில் இரண்டு பேர் எடுத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அது நாலாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

ஒருவர் சாந்தோம் காஸ்பர், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கலைக்களஞ்சியத்தில் அவர் பெயர் ‘பீரங்கி61’. இன்னொருவர் ‘நடுநிலையான்’. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் நிர்வாகி, அதாவது மற்றவர்கள் எழுதியதை அழிக்கவும், எழுதியவர்களைத் தள்ளிவைக்கவும் அதிகாரம் பெற்றவர். இருவருக்கும் சம்பளம் கிடையாது. அதனால்தான் இவ்வளவு சிரத்தை.

கட்டுரையின் ஓரத்தில் ஒரு பெட்டி உண்டு. அதில் ‘முடிவு’ என்று ஒரு கட்டம். காஸ்பர் அங்கே ‘நவாப் தரப்புக்கு வெற்றி’ என்று எழுதுவார். நடுநிலையான் அதை அழித்துவிட்டு ‘முடிவு எட்டப்படவில்லை’ என்று எழுதுவார். இடையில் புகுந்த நல்லவர்கள் ‘ஓரளவு வெற்றி’ என்றும் ‘கௌரவமான பின்வாங்கல்’ என்றும் போட்டுப்பார்த்து, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மகள் ரெனிட்டாவின் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் உட்கார்ந்தபடியே காஸ்பர் பதினோரு முறை நவாப்பை ஜெயிக்க வைத்திருக்கிறார்.

அதே பெட்டியில் ‘இடம்’ என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. எந்தப் புத்தகமும் இடத்தைச் சொல்லவில்லை. காலிக் கட்டத்துக்குக் கீழே ‘இருப்பிடக் குறி தேவை’ என்று சிவப்பு எழுத்து நின்று மிரட்டிக்கொண்டே இருக்கும். மந்தைவெளிப் பக்கம் கால்வாய்க்கரைக் குடியிருப்பில் தேவானை நடத்தும் இட்லிக்கடையில் ஒரு நாள் காலை உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சிவப்பைப் பொறுக்க முடியாமல், ‘நான் இருக்கும் இடம்’ என்ற பொத்தானைக் காஸ்பர் அமுக்கிவிட்டார். சிவப்பு மறைந்தது. அந்த நிம்மதியில் இன்னும் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

யார் ஜெயித்தது என்பதிலேயே கண்ணாக இருந்த நடுநிலையான், எங்கே நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கிடையே அரசாங்கத்தில் ‘வரலாற்றுப் போர்க்களங்கள் மேம்பாட்டுப் பிரிவு’ என்று ஒன்று உதயமாயிற்று. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பத்துப் போர்க்களங்களைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் புல்தரை, நினைவுத்தூண், செல்ஃபி எடுக்க மேடை, மேடைக்குப் பின்னால் ‘நம்ம போர்’ என்று விளக்கு எரியும் எழுத்து. அதிகாரி பஞ்சாட்சரம் ஒன்பது களங்களைப் பிடித்துவிட்டார். பத்தாவதுக்குக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தார். கால்வாய்க்கரையின் நாற்பத்திரண்டு வீடுகளும் ஒரு இட்லிக்கடையும் போர்க்களத்தை ஆக்கிரமித்திருப்பதாக நோட்டீஸ் ஒட்டினார். அது பத்திரிகையில் செய்தியாக வந்தது. நடுநிலையான் அந்தச் செய்தியை எடுத்துக் கலைக்களஞ்சியத்தில் சான்றாகச் சேர்த்தார். இப்போது இடத்துக்கு ஆதாரம் பலமாகிவிட்டது.

இடிக்கும் வீடுகளுக்குப் பதிலாக ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு தருவார்களாம். எட்டு மாடி ஏறி இட்லி சாப்பிட எவன் வருவான் என்று தேவானை புலம்பினாள். காஸ்பர் பாதி இட்லியோடு கை கழுவினார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

தேவானை திட்டவில்லை.

“நீ வச்சதுதானே வாத்தியாரே? நீயே எடுத்துடு.”

எடுத்தார். நாலு நிமிஷத்தில் திரும்ப வந்துவிட்டது. ‘சான்றுள்ள தகவலைச் சான்றின்றி நீக்குவது விஷமச் செயல்’ என்று நடுநிலையான் குறிப்பு எழுதியிருந்தார். அந்தக் குறியை வைத்ததே நான்தான், சும்மா வைத்தேன் என்று காஸ்பர் வெட்கத்தை விட்டு எழுதினார். சும்மா வைத்ததற்கு நம்பகமான மூன்றாம் தரப்புச் சான்று உண்டா என்று பதில் வந்தது. போர்க்களத்தில் அவர் தினமும் இட்லி சாப்பிடுவது அவர் வாயாலேயே வெளிப்பட்டுவிட்டதால், சொந்த நலன் கருதி எழுதிய குற்றத்துக்காக ஏழு நாள் தள்ளிவைக்கவும் பட்டார்.

நேரே பஞ்சாட்சரத்தின் அலுவலகத்துக்குப் போனார்.

“அங்க போர் நடக்கலைங்க,” என்றார் காஸ்பர்.

“அப்போ எங்க நடந்துச்சு?”

“தெரியாது.”

“இடமே இல்லாத போரை ஃபைல்ல எப்படி சார் வச்சிருக்கறது? வேற இடம் காட்டுங்க. பேப்பர்ல வந்த கட்டிங்கோட.”

இத்தனை சட்டத்தையும் காஸ்பர் கடைக்கு வந்து சொல்ல, பொறுமையாகக் கேட்டுக்கொண்ட தேவானை உடனே வழி சொன்னாள்.

“கோபாலபுரத்துல நான் முன்னாடி வேல செஞ்ச பங்களா ஒண்ணு கீது. பின்னாடி இம்மாம் பெரிய தோட்டம். குதிர, யான எல்லாம் தாராளமா நிக்கும். அங்க நடந்துச்சுன்னு எழுதிடு. பங்களாவ எவன் இடிக்கப்போறான்?”

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொன்ன மனுஷனுக்கு இது நெஞ்சை அறுத்தது. ஞாயிறு பூசையில் முழங்காலில் நின்று முன்கூட்டியே மன்னிப்பு கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமை எழுதினார். வீட்டு வாசலில் வீசிவிட்டுப் போகிற இலவச வாரப் பத்திரிகையில், தி.நகர் பட்டுப்புடவைத் தள்ளுபடிக்குப் பக்கத்தில், ‘கோபாலபுரத்தில் கும்பினி’ என்ற ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. தெருப் பெயரைப் போடக் கை கூசியதால், அட்சரேகை தீர்க்கரேகை எண்களை மட்டும் கொடுத்திருந்தார்.

நடுநிலையான் சான்றைத்தான் பார்ப்பார், வரைபடத்தைப் பார்க்கும் வழக்கமில்லை. அச்சில் வந்தது, மூன்றாம் தரப்பு, அண்மையது. விதிப்படி தம் கையாலேயே குறியைக் கோபாலபுரத்துக்கு மாற்றினார். ‘போர் கோபாலபுரத்தில் நிகழ்ந்துள்ளமையால் கால்வாய்க்கரை ஆணை இதனால் ரத்து செய்யப்படுகிறது’ என்று பஞ்சாட்சரமும் கையெழுத்துப் போட்டார். அன்று தேவானை கேட்காமலே காஸ்பருக்கு வடை வைத்தாள்.

வியாழக்கிழமை பஞ்சாட்சரம் டேப்பும் இரண்டு ஆட்களுமாகக் கோபாலபுரம் போனார். மனசு கேட்காமல் காஸ்பரும் பின்னாலேயே போனார். பங்களாவின் சொந்தக்காரர் ஸ்ரீவத்சன், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், பனியனோடு வாசலுக்கு வந்தார்.

“நான் பொறந்ததே இந்தாத்துலதான். அறுபத்தெட்டு வருஷமா இங்கயேதான் இருக்கேன். இங்க ஒரு யுத்தமும் நடக்கலை.”

“நீங்க சொல்றது சான்றாகாதுங்களே சார்,” என்றார் பஞ்சாட்சரம் பணிவாக. “நீங்க இங்கயே குடியிருக்கீங்க. கலைக்களஞ்சியத்துல தெளிவா போட்டிருக்கு. நடுநிலையான்னு ஒருத்தர், ரொம்பக் கறாரானவராம். அவரே பார்த்து மாத்தியிருக்கார்.”

ஸ்ரீவத்சன் கேட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் தன் நாலு வருஷ எதிரி யாரென்று காஸ்பருக்கு விளங்கியது.

கால்வாய்க்கரைக்கு மூன்று மாதமாகக் கிடைக்காத நியாயம் கோபாலபுரத்துக்கு மூன்று மணி நேரத்தில் கிடைத்தது. ‘இந்தப் போர் குறிப்பிடத்தக்கதன்று’ என்று கூறி, கட்டுரையையே நீக்கும்படி நடுநிலையான் முன்மொழிந்தார். பன்னிரண்டு பேர் மளமளவென்று ஆதரித்தார்கள். போரே இல்லையென்றால் யாருக்கும் தொல்லையில்லை என்று நம்பி, தள்ளிவைப்பு முடிந்து வந்திருந்த காஸ்பரும் பதின்மூன்றாவது ஆளாக ஆதரவு போட்டார். நாலு வருஷ உழைப்பு போனதில் அவருக்கு அழுகை வந்தது. ஆனாலும் நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தார்.

திங்கட்கிழமை கால்வாய்க்கரையில் மறுபடியும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காஸ்பர் ஓடினார். பஞ்சாட்சரம் அவரை உட்காரவைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார்.

“கோபாலபுரத்துல நடந்துச்சுன்னுதான் கால்வாய்க்கரை ஆணையை ரத்து பண்ணோம். இப்போ கோபாலபுரத்துல நடக்கலைன்னு ஆயிடுச்சு. அதனால அந்த ரத்து ரத்து. பழைய ஆணை அப்படியே உயிரோட இருக்கு.”

“போரே நடக்கலைங்களே.”

“அது கலைக்களஞ்சியத்துல சார். நாங்க பத்துப் போர்னு மேல அனுப்பிட்டோம்.”

காஸ்பர் கோபாலபுரத்துக்கும் போய்ப் பார்த்தார். ஸ்ரீவத்சன் உள்ளே அழைத்து, நல்ல ஃபில்டர் காபி கொடுத்து, கால்வாய்க்கரை ஜனங்களுக்காக மனசார வருத்தப்பட்டார். கட்டுரையே இல்லாதபோது எதைத் திருத்துவது என்று கேட்டார். அது நியாயம்தான் என்று காஸ்பருக்கும் பட்டது. நாலு வருஷத்தில் இரண்டாவது முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.

சனிக்கிழமை கால்வாய்க்கரைக்கு லாரி வந்தது. இட்லிப் பானையை ஏற்றிவிட்டுத் தேவானை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். காஸ்பர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“சண்டையே நடக்கலன்னு நீங்க எல்லாரும் சேந்து எழுதிட்டீங்கதானே?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.”

“அப்போ நாங்க மட்டும் எப்படி வாத்தியாரே தோத்தோம்?”