ஓலைக்கு வந்த ஒரே ஆட்சேபம்

இரும்புலியூர்,
ஞாயிறு மாலை நாலரை மணி.

மதிப்புக்குரிய சம்பந்தி சுவிசேஷமுத்து ஐயா அவர்களுக்கு,

ஜீவரத்தினம் எழுதுவது. தேவ கிருபையால் இங்கு என் மனைவி ரத்தினபாயும் மகள் ஜெரூஷாவும் சுகம். குன்றத்தூரில் உங்கள் வீட்டார் சுகத்தையும், முக்கியமாக உங்கள் பிரஷரின் சுகத்தையும் அறிய ஆவல்.

இன்று காலை ஆராதனையில் நம் பிள்ளைகளின் கல்யாண ஓலை முதல் முறையாக வாசிக்கப்பட்டது. அதற்கு ஓர் ஆட்சேபம் வந்திருக்கிறது. போதகர் இதை உறுதிசெய்தார். ஆட்சேபித்தவர் பெண்ணின் தகப்பன், அதாவது நான்.

பதறாமல் மேலே படிக்கவும். போனில் சொன்னால் இந்த இடத்தில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதி உங்கள் மகன் ஜெர்சனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் சபையில் அறிவிப்பு வாசிப்பது பதினோரு வருடமாக என் பொறுப்பு. முப்பத்தெட்டு வருடம் நிருபராக இருந்தவன், தப்பு வராது என்று நம்பிக் கொடுத்தார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை ஏதும் வராவிட்டால்தான் கல்யாணம் என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு ஓலைச் சீட்டு வேறு சட்டையோடு இஸ்திரிக்குப் போய்விட்டது. போன ஞாயிறு சீட்டு கையிலேயே இருந்தது. எட்மண்டின் மகனுக்கு ஓலை, அறுப்பின் பண்டிகை ஏலம், யாரோ விட்டுப்போன குடை, அந்தக் குடையின் நிறம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, நம் ஓலையை மட்டும் வாசிக்காமல் இறங்கி வந்துவிட்டேன். இன்று ரத்தினபாய் சீட்டை மைக்கிலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டாள். வாசித்தேன். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று முறைப்படி கேட்டும் முடித்தேன். ஒரே ஒரு கை உயர்ந்தது. சபையார் எல்லாரும் ஏன் என்னையே பார்க்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் அது என் கை என்று தெரிந்தது.

"என்ன ஐயா, சொல்லுங்க" என்றார் போதகர்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாம்னு..." என்றேன். அந்த ஃபேனை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போய்ப் பத்து நாள் ஆகிறது.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை ஜெர்சன் என்னை சோபாவில் உட்கார வைத்தார். கோபமே இல்லை. உளவியல் வாத்தியாருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு கேஸ் கிடைத்த சந்தோஷம்தான் முகத்தில் தெரிந்தது.

"மறதி சும்மா வராது மாமா. வெளிய சொல்ல முடியாத ஒரு ஆசையை அமுக்கி அமுக்கி வைப்போம். அது நமக்கே தெரியாம மறதியா வரும், கையா வரும்."

"எனக்கு இந்தக் கல்யாணத்துல முழு சம்மதம்ப்பா."

"பாத்தியா ஜெரூ, மறுக்கிறார். அதுவும் மனசு போட்டுக்கிற ஒரு வேலிதான்."

"ஆழ்மனசாம்" என்றாள் ரத்தினபாய் அடுப்படியிலிருந்து. "இவருக்கு மேல்மனசே ரெண்டாவது காபிக்கு அப்புறம்தான் முழிக்கும்."

சம்பந்தி, எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆயுள் முழுக்க 'பெயர் வெளியிட விரும்பாத வட்டாரம்' என்று எழுதிப் பிழைத்தவன் நான். அப்படி ஒரு வட்டாரம் எனக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, என்னைக் கேட்காமல் செய்தி வெளியிட்டிருக்கிறது. சின்ன வயதில் யாராவது என்னை விட்டுப் போனார்களா என்று மாப்பிள்ளை கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். எனக்கு அப்போது ஏழு வயது. கல்யாணமாகி மதுரைக்குப் போக தாம்பரம் ஸ்டேஷனில் காத்திருந்தவள் கழற்றி விட்டிருந்த வலது செருப்பை எடுத்து நிக்கருக்குள் ஒளித்துக்கொண்டேன், செருப்பில்லாமல் போகமாட்டாள் என்று. அவள் ஒற்றைச் செருப்போடு ரயிலேறிப் போய்விட்டாள். அறுபது வருடமாக இதை நான் நினைத்ததே இல்லை. ஜெரூஷாவும் அதே ஸ்டேஷனில்தான் அஸ்ஸாம் ரயில் ஏறி, ஜெர்சன் வேலை பார்க்கும் ஷில்லாங்குக்குப் போகப்போகிறாள்.

"போகாதேன்னு வாயால ஒரு தடவை சொல்லிடுங்கப்பா. கைக்கு வேலை இருக்காது" என்றாள்.

சொன்னேன்.

"கேட்டுட்டேன்ப்பா. ஆனா போவேன்."

நெஞ்சு லேசாகிவிட்டது. ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்: வட்டாரம் அம்பலமாகிவிட்டது, இனி அதற்குப் பலம் இல்லை. ஆட்சேபத்தை வாபஸ் பெற்று நான் போதகருக்கு எழுதிய கடிதத்தையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். படித்துவிட்டு ஜெர்சன் மூலம் அவரிடம் சேர்ப்பிக்கவும். இன்றைய ஓலை செல்லுமா என்பதைப் புதன் மாலை ஏழு மணிக்குச் சபைக் கமிட்டி முடிவு செய்யும். செல்லாது என்றால் மீதியுள்ள இரண்டு ஞாயிறு போதாது. கல்யாணத் தேதி தள்ளிப்போகும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் தோத்திரம். பிள்ளைகளைக் கர்த்தர் மலைமேலும் காப்பாராக. குளிருக்கு ஸ்வெட்டர் ரத்தினபாய் வாங்கிவிட்டாள்.

அன்புள்ள,
ஜீவரத்தினம்

பி.கு. (மாலை ஆறு மணி): உறையை ஒட்டுமுன் ஜெர்சன் சரிபார்த்தார். வாபஸ் கடிதம் உள்ளே இல்லை. கல்யாணத்துக்காக ஜெரூஷாவுக்கு வாங்கிய வெள்ளைச் செருப்பில் வலது காலையும், பூட்டிக் கிடக்கும் என் மேஜையின் சாவியையும் காணவில்லை. என் வட்டாரம் கருத்துக் கூற மறுத்துவிட்டது. புதன் மாலைக்குள் பேச வைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை எதிர்பார்க்கிறார்.