பதினொன்று வாங்கிய அப்பா

பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தானே எழுதித் தீர்க்கும் அப்பா என்று ஓர் இனம் உண்டு. தார்மா என்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர். சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நோட்டு போனது போனதுதான்.

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் தெமெத்ரியோவைப் பாருங்கள். மகள் மார்லெனி ஐந்தாம் வகுப்பு. எங்கள் நாட்டு விடுதலைப் போரில் நடந்த ஹுனின் சண்டையை நேரில் பார்த்த நிருபரைப் போல ஓர் அறிக்கை எழுத வேண்டும், நிறுத்தக்குறிகளைச் சிவப்பு மையில் போட வேண்டும், நன்றாக எழுதியவர் திங்கட்கிழமை கொடி வணக்கத்தில் படியேறி வாசிக்கலாம் என்று மிஸ் எடித் சொல்லியிருந்தார். அந்தப் படியில் ஏற மார்லெனிக்கு ஒரு வருஷத்து ஆசை. எழுதியும் விட்டாள். ‘யாரும் சுடவில்லை. குதிரைகள் மூச்சு விடுவது கேட்டது. பயமாக இருக்கிறதா என்று ஒரு வீரரிடம் கேட்டேன். குதிரைக்குத்தான் என்றார்.’

அவ்வளவுதான். சண்டையாம், சத்தமே இல்லையாம்!

அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்தார். முன்னால் படமும் பின்னால் வரலாறும் அச்சிட்ட தாள் வாங்கக் கடைக்கு ஓடினார். ஹுனின் தாள் தீர்ந்துபோயிருந்தது. தெருவின் மற்ற மூன்று அப்பாக்கள் முந்திவிட்டார்கள். கடைக்காரம்மா அதே போரில் பின்னால் நடந்த அயகூச்சோ சண்டைத் தாளை நீட்டினார்.

“இதை எடுத்துக்குங்க சார். இதுலயும் குதிரை இருக்கு.”

எடுத்துக்கொண்டார். அதிலிருந்த பீரங்கிகளை ஒன்றுவிடாமல் ஹுனினுக்கு இழுத்து வந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சிவப்பு ஆச்சரியக்குறி நட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று வார்த்தைக்கு ஒரு காற்புள்ளி தூவி, எங்கள் ஸ்பானிய மொழி வழக்கப்படி கேள்வியின் தலையில் போடும் தலைகீழ்க் கேள்விக்குறிக்கு அளவுகோல் வேறு வைத்து, ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்தார். மார்லெனி என்ன செய்தாள்? பென்சில் சீவிக் கொடுத்தாள்.

வந்தது இருபதுக்குப் பதினொன்று. ஒன்று குறைந்திருந்தால் ஃபெயில். மனிதர் சாப்பிடாமல் பள்ளி வாசலுக்குப் போய் நின்றார்.

“மிஸ், எனக்கு ஏன் பதினொன்னு?”

“உங்களுக்கா சார்?” என்றார் மிஸ் எடித். “ஹுனின்ல ஒரு குண்டுகூட வெடிக்கல. வாளும் ஈட்டியுந்தான். ஆறு பீரங்கிய எங்கேர்ந்து கொண்டுவந்தீங்க?”

தெமெத்ரியோ மகளிடம் திரும்பினார். “ஏம்மா, தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?”

“எழுதியிருந்தேன்ப்பா. நீங்கதான் கிழிச்சீங்க.”

என்ன எழுதியிருந்தாய் என்று மிஸ் கேட்க, மார்லெனி பார்க்காமலே சொன்னாள். மிஸ் மதிப்பெண்ணைத் திருத்தவில்லை, அது அப்பாவுடையதாயிற்றே. திங்கட்கிழமை படியேறி இதையே சொல் என்றார்.

சொன்னாள். முற்றுப்புள்ளி வந்த இடத்தில் நின்றாள். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள்கூடக் குதிரை மூச்சுக்குக் காது கொடுத்தன. வாசல் கம்பிக்கு வெளியே தெமெத்ரியோ பக்கத்திலிருந்தவரிடம், “அந்தக் குதிரை விஷயம் இருக்கே, நான் சொல்லிக்கொடுத்தது” என்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போது, முடிவை இன்னும் கொஞ்சம் காரமாக எழுதியிருக்கலாம் என்று உங்கள் கை பேனாவைத் தேடியிருந்தால், தயவுசெய்து அதைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள்தான் ஐந்தாம் வகுப்பு ஏற்கெனவே பாஸ் செய்துவிட்டீர்களே. செய்தீர்கள்தானே?