ஐந்தாவது ஏஜென்ட்டின் ஆட்சேபம்

சைனிக்புரி, ஹைதராபாத்

அன்புள்ள அத்திம்பேருக்கு சாம்பசிவம் அநேக நமஸ்காரம். என் பதவி உயர்வைத் தவிர இங்கு எல்லாம் சௌக்கியம். அங்கே அக்கா சௌக்கியம் என்று நீங்களாக எழுத மாட்டீர்கள், நானே நம்பிக்கொள்கிறேன். தீபாவளிக்கு நீங்கள் ஒரு போன்கூடப் பண்ணாததை மறந்துவிட்டேன்.

உப்பலில் உள்ள எங்கள் ஆபீஸில் இப்போது மனிதர்கள் முடிவெடுப்பதில்லை. ஐந்து மென்பொருள் ஏஜென்ட்டுகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று செலவைப் பார்க்கும், ஒன்று பாதுகாப்பை, ஒன்று ஊழியர் நலனை, ஒன்று வாடிக்கையாளரை. ஐந்தாவதற்கு எதிர்ப்பது மட்டுமே வேலை. ஐந்தும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். துணைப் பொது மேலாளர் பதவிக்கு என் பெயர் போயிற்று. நான்கு ஏஜென்ட்டுகள், 'மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்' என்றன. ஐந்தாவது எழுதியது: 'எல்லாவற்றையும் எதிர்ப்பவருக்கு முடிவெடுக்கும் பதவியா? இத்தனை அவசரம் ஏன்? மீண்டும் பரிசீலிக்கவும்.'

மறுபடி ஒருமுறை படித்தேன். கேன்டீன் சாம்பார் முதல் கிரேன் வரை, வந்த கோப்பிலெல்லாம் நான் எழுதிவந்ததல்லவா அந்த 'இத்தனை அவசரம் ஏன்? மீண்டும் பரிசீலிக்கவும்'! மென்பொருளைக் கவனிக்கும் கிரியிடம் ஓடினேன். நம்ம பையன்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவன்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', முடியாது என்பதற்கு 'நக்கோ' என்று ஹைதராபாத் பாஷை பேசுவான்.

"ஹவ் சார், உங்க நோட்டெல்லாம்தான் அதுக்கு ஃபீட் பண்ணோம். இந்த ஆபீஸ்ல வேற யாரும் எதுத்து ஒரு வரி எழுதலையே?"

"அப்போ அதை மாத்துப்பா!"

"நக்கோ சார். மாத்தறதுக்கும் அது ஒத்துக்கணும்."

பதவி விஸ்வநாத்துக்குப் போய்விட்டது. எனக்கு ஜூனியர், கையெழுத்தைத் தவிர எந்தக் கோப்பிலும் எதுவும் எழுதியறியாதவன். அவனிடம் எதிர்க்க என்ன இருக்கிறது? ஐந்தாவதுகூட ஆட்சேபமின்றி ஒத்துக்கொண்டுவிட்டது. வீட்டில் கல்பகம், "ஊர்ல அடுத்தவா குழி பறிப்பா. நீங்க உங்களுக்கே வெட்டி, அதுக்கு நோட்டும் போட்டு வெச்சிருக்கேள்" என்கிறாள்.

இனி இங்கே ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். நாளை ராஜினாமா. உங்கள் மாம்பலம் வீட்டு மாடிப் போர்ஷனை எங்களுக்காகக் காலி செய்து வைக்கவும். அக்காவுக்கு நமஸ்காரம், நித்யஸ்ரீக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
சாம்பசிவம்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. ராஜினாமாவும் ஐவரிடம் போக வேண்டுமாம். போயிற்று. என்னை ஆதரித்த அதே நான்கும், 'மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்' என்று உடனே சொல்லிவிட்டன. ஐந்தாவது மட்டும், 'இத்தனை அவசரம் ஏன்? மீண்டும் பரிசீலிக்கவும்' என்றது. இத்தனை வருஷத்தில் இந்த ஆபீஸில் என்னைப் போக வேண்டாமென்று சொன்ன ஒரே ஜீவன். மாடிப் போர்ஷனை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள்.