ஐந்து கிலோ பெருங்காயம்

என் அக்கா கல்யாணத்தில் மணமக்களைவிட அதிகம் பேசப்பட்டது பெருங்காயம். அதற்குக் காரணம் நான்தான் என்பதை இப்போது கொஞ்சம் பெருமையோடே ஒப்புக்கொள்கிறேன்.

2006. இன்ஜினியரிங் முடித்து, சென்னை கம்பெனி ஒன்றின் வேலைக் கடிதத்தோடு சிதம்பரத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு என்னைத் தனியாக அனுப்ப மனமில்லை.

"அக்கா கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட்ட உன் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடு. ஒழுங்கா வந்துச்சுன்னா மெட்ராஸ் போ. இல்லன்னா பி.எட். சேரு" என்றார். (என் தலையெழுத்து மளிகை லிஸ்ட்டில்!)

சும்மா தட்டச்சு செய்து கொடுத்திருக்கலாம். நானோ ஒரு ப்ரோக்ராமே எழுதினேன். அதில் சிக்கனம் வேறு. ஏலக்காய், கிராம்பு, பெருங்காயம், காபித்தூள் நான்குக்கும் அரை கிலோ என்று போட்டிருந்தேன். ஒரே 'அரை கிலோ' என்ற அளவை ப்ரோக்ராமுக்குள் எதற்கு நான்கு தடவை உருவாக்க வேண்டும்? ஒன்றை மட்டும் உருவாக்கி, நான்கையும் அதோடு கோத்துவிட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சமையல்காரர் செல்வராசு பார்த்துவிட்டு, "ஏம்மா, ஐநூறு பேருக்கு அரை கிலோ காபித்தூளா? அஞ்சு கிலோ போடு" என்றார். மாற்றினேன். அந்த வரியை மட்டும் சரிபார்த்து அச்செடுத்தேன். அப்பா படிக்கவே இல்லை. "கம்ப்யூட்டர் லிஸ்ட்டு, தப்பே வராது" என்று கடலூர் மொத்தக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வேன் வந்தது. கதவைத் திறந்ததும் தெருவே மூக்கைப் பிடித்தது. ஐந்து கிலோ பெருங்காயம். ஐந்து கிலோ ஏலக்காய். ஐந்து கிலோ கிராம்பு.

"நாட்டு மருந்துக் கடை எதுனா வெக்கப் போறீங்களா?" என்றார் டிரைவர். முகூர்த்தப் புடவையில் ரச வாசனை வருகிறதென்று அக்கா அழுதாள். அப்பா, "பி.எட். அப்ளிகேஷன் எப்பக் குடுக்குறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதிகப்படி சரக்கு அதே வேனில் திரும்பிப் போனது. நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பத்தே நிமிடத்தில் என் மடத்தனம் பிடிபட்டது. காபித்தூளுக்காக நான் அந்த அரை கிலோவையே ஐந்து கிலோவாக ஊத வைத்திருக்கிறேன். கோத்திருந்த மற்ற மூன்றும் கூடவே ஊதிவிட்டன. அரை கிலோ என்றைக்கும் அரை கிலோதான். அதிகம் வேண்டுமென்றால் பழைய அளவைத் தொடாமல், புதிதாக ஓர் அளவை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை உருவான அளவை யாராலும் திருத்த முடியாதபடி ப்ரோக்ராமில் பூட்டுப் போட்டேன்.

மறுநாள் காலை புவனகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தார்கள்: இன்னும் நூறு பேர் வருகிறார்களாம்! செல்வராசு என்னை முறைத்தபடி, "சக்கரை, பருப்பு, காபித்தூள் மட்டும் கூட்டு. வேற எதுவும் நகரக் கூடாது" என்றார்.

சொந்தபந்தமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்றது. அச்செடுத்தேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, முந்தின நாள் நான் திருத்தி அச்செடுத்த லிஸ்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வரிவரியாக விரல் ஓட்டினார். பெருங்காயத்தில் மட்டும் இரண்டு தடவை நிறுத்தினார். மூன்றே வரிகள் மாறியிருந்தன.

அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்திக்கும் பாயசம் இருந்தது. கை கழுவிய ஈரத்தோடு அப்பா வந்து, "மெட்ராஸுக்கு எப்பக் கெளம்புற?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2011-இல் என் கல்யாணம். அப்போது என் கீழ் எட்டுப் பேர் ப்ரோக்ராம் எழுதினார்கள். மளிகை லிஸ்ட்டை நான்தான் போட்டேன். அப்பா வாங்கி, முழுவதும் படித்து, கடைசியில் பேனாவால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்தும் போட்டார்:

"பெருங்காயம் அரை கிலோ. என் மகளே சொன்னாலும் மாற்றக் கூடாது."