ரெண்டு எம்

மாமல்லபுரத்தில், 'மைக்செட்டு' என்று ஊரே கூப்பிடும் அண்ணன் அளவுக்குச் சத்தத்தை நம்பிய மனிதர் யாரும் கிடையாது. மீன் குழம்பை ருசி பார்க்கும்முன்கூடக் கரண்டியைப் பிடித்து, "அலோ, ஒன் டூ த்ரீ" என்று சொல்லிப் பார்ப்பார். கடலே அவருக்குக் கொஞ்சம் வால்யூம் கம்மிதான்.

கம்ப்யூட்டர் வாங்கியபோது ஒருவர் விண்டோஸை இனாமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். "திருட்டு சாமான் நம்ம வூட்டுக்குள்ள வரக்கூடாது நைனா" என்று இவர் மறுத்துவிட்டார். கல்பாக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், சட்டப்படியே இலவசமான லினக்ஸ் சிடி கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

அவர் மனைவி கன்னியம்மா அண்ணி தெருத்தெருவாக மீன் விற்பவர். "வஞ்சரோம்!" என்று அண்ணி ஒரு குரல் கொடுத்தால் நாலு தெருப் பூனைகள் எழுந்துவிடும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும், பத்து நாளில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் அண்ணியின் குரலைப் பிடித்து வைத்துவிடத் துடித்தார் மைக்செட்டு. யுஎஸ்பியில் செருகுகிற ஒலிப்பெட்டி ஒன்று வாங்கினார். மைக், ஸ்பீக்கர் இரண்டும் அதில்தான் மாட்ட வேண்டும்.

தினமும் அண்ணி பேசுவார், கூவுவார், திட்டுவார். போட்டுக் கேட்டால் மூச்சு பேச்சு இருக்காது. "வெறும் பைலை இன்னாத்துக்கு வச்சிகினு கீறது?" என்று இவர் அன்றன்றே அழித்துவிடுவார்.

"பொட்டிக்குக் காது கேக்கலியா, உனுக்கு மூளை இல்லியா?" என்பார் அண்ணி. அதுவும் பதிவாகி, அதுவும் அழிந்தது.

எனக்கு ஷிப்டு. கடைசி நாள் காலையில்தான் போக முடிந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வாசலில் நின்றது. திரையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டைகள். அவற்றுக்கு அடியில் இங்கிலீஷில் 'எம் எம்' என்று இரண்டு எழுத்து.

"இது இன்னா அண்ணாத்த?"

"மொதல்ல ரெண்டு முட்டை இருந்துச்சு நைனா. சைபர்னா சத்தம் இல்லன்னுதானே அர்த்தம்? கீபோர்டுல எம்மைத் தட்டுனேன், 'ம்ம்'னு எழுத்து வந்துச்சு. பொட்டி கேட்டுகினு கீதுன்னு விட்டுட்டேன்."

எம் என்றால் மியூட். ஸ்பீக்கர் வழியைத்தான் அடைத்து வைத்திருந்தார். பதிவு ஒழுங்காகத்தான் ஆகியிருக்கிறது, பத்து நாளும். நான் எம்மைத் தட்டினேன். அன்று காலையில் பதிந்ததை மட்டும் அவர் இன்னும் அழிக்கவில்லை. ஆனால் அன்றைக்குள் அண்ணிக்குத் தொண்டை அடைத்து, வார்த்தையே வராமல் போயிருந்தது.

ஸ்பீக்கரில் மைக்செட்டின் குரல் கேட்டது: "எதுனா பேசுமே. கோவமா?"

அண்ணியின் குரல்: "ம்ம்."

அவ்வளவுதான் மிச்சம். மைக்செட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அண்ணி பிழைத்து வந்தார், குரல் இல்லாமல். கீபோர்டில் எம்மைத் தட்டினால் அந்த 'ம்ம்' மட்டும் ஒலிக்கும்படி செய்து கொடுத்தேன். என்னால் ஆனது அதுதான்.

அடுத்த முறை போனபோது, "நாஸ்தா துன்னியாமே?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி எம்மைத் தட்டினார். ம்ம்.

"அல்லாத்தையும் அழிச்சிட்டேனே, கோவமா?"

ம்ம்.

"அண்ணி, நானும் முன்னாடியே வந்திருக்கணும். என்மேல கோவமா?" என்று கேட்டேன்.

மைக்செட்டு எம்மைத் தட்டக் கை நீட்டினார். அண்ணி அந்தக் கையில் ஓர் அடி போட்டுவிட்டு, எனக்கு டீ போட எழுந்தார். அன்று அந்த வீட்டை விட்டுக் கிளம்ப எனக்கு மனசே வரவில்லை.