சாம்பல் பெட்டி விவகாரமாக மாப்பிள்ளைக்கு மாமியார் எழுதுவது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மாமாவும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று இந்த ஒரு வாரமாக நினைக்கவில்லை. மாமியார் மாப்பிள்ளைக்கு இப்படி எழுதலாமா என்று உங்கள் மாமா கேட்டார். இது மாமியார் எழுதும் கடிதம் இல்லை, பக்கத்து நாட்டு அரசன் எழுதும் ஓலை என்று சொல்லிவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் மறுவாழ்வு மையம் உங்களுக்குத் தெரியும். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்கள் மறுபடி பேசப் பழகும் இடம். அவர்களுக்காக முப்பத்திரண்டு பயிற்சிகளை வலைப்பக்கமாக நான் செய்து வைத்திருக்கிறேன். குழாயை இழுத்தால் தண்ணீர் கொட்டும், பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் சரியாக நான்கு நொடியில் கொதிக்கும், கதவைத் தட்டினால் உள்ளே நாய் குரைக்கும். ஒவ்வொன்றுக்கும் நோயாளி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த நான்கு நொடி மூன்றாக இருந்தால் அவர்கள் பதறுகிறார்கள், ஐந்தாக இருந்தால் தூங்கிவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இவ்வளவும் ஓடுவது பிரவுசருக்குள் செருகி வைக்கும் பிளக்-இன் என்ற ஒரு சிறு மென்பொருளால். போன திங்கட்கிழமை காலையில் பயிற்சி அறையைத் திறந்தால் பன்னிரண்டு கணினியிலும் தண்ணீரும் இல்லை, நாயும் இல்லை. நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதற்குள் ‘வருந்துகிறோம், இந்த உள்ளடக்கதை இங்கே காட்ட இயலாது’ என்று ஒரு வரி. எங்கள் கணினிக்காரரைப் பிடித்து உலுக்கினேன். “அக்கா, சத்தியமா நான் கை வைக்கல. பிரவுசர் அதுவா அப்டேட் ஆயிடுச்சு. இனிமே பிளக்-இன்னே கிடையாதாம்,” என்றார். எந்தப் பிரவுசர் என்று பார்த்தேன். உங்கள் கம்பெனி செய்தது, மாப்பிள்ளை.

சரி, பழைய பிரவுசரையே மறுபடி ஏற்றினேன். சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் அது தானாகப் புதியதாகிவிட்டது. குடியிருப்பவரைக் கேட்காமல் வந்து வெள்ளையடித்துவிட்டுப் போகும் வீட்டுக்காரர்கூட இத்தனை வேகம் காட்ட மாட்டார். இணையம் இருந்தால்தானே மாறுவாய் என்று கேபிளைப் பிடுங்கினேன். பிரவுசர் மாறவில்லை, ஆனால் பயிற்சிப் பக்கங்களும் அதே கேபிள் வழியாகத்தானே வர வேண்டும், அவையும் வரவில்லை. பிறகு துணி அறையில் போர்வைகளுக்குப் பின்னால் ஒரு கணினி இருப்பது நினைவுக்கு வந்தது. எந்தப் புதுப் பிரவுசரும் ஏறாத அளவுக்குக் கிழம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது; திரையைத் துடைத்துப் போட்டால், பிளக்-இன் ‘என் காலம் முடிந்துவிட்டது, குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு நான் ஓடமாட்டேன்’ என்கிறது. உனக்குத் தேதிதானே பிரச்சினை என்று அந்தக் கணினியின் கடிகாரத்தை இரண்டு வருடம் பின்னால் தள்ளினேன். ஓடியது! தண்ணீர் கொதித்தது, நாய் குரைத்தது, நானும் கொஞ்சம் குரைத்தேன். நோயாளிகள் எந்த நாளில் வர வேண்டும் என்று செய்தி அனுப்பும் வேலையும் அதே கணினியில்தான் நடக்கிறது என்பதை மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் நாற்பது பேருக்கு, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை தவறாமல் வரும்படி செய்தி போய்விட்டது. ஒரு அம்மாள் மட்டும் பதில் போட்டிருந்தார்: “அன்னைக்கு எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சு.”

பெரிய டாக்டர் கூப்பிட்டார். “ஒண்ணு, எல்லாத்தையும் புதுசா எழுதுங்க. இல்லேன்னா பயிற்சிய நிறுத்திடலாம்,” என்றார். “எழுத எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் இவங்கல்லாம் வாய மூடிட்டு இருக்கணுமா டாக்டர்? நிறுத்த மாட்டேன்,” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் வந்துவிட்டேன்.

எங்கள் நோயாளிகளில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். எட்டு மாதமாக அவரிடம் இருந்தது ஒரே வார்த்தை, “ஆமா.” அவர் மனைவி “வீட்டுக்குப் போலாமா?” என்றால் ஆமா, “இங்கயே இருக்கலாமா?” என்றாலும் ஆமா. தண்ணீர்ப் பயிற்சி என்றால் அவருக்கு உயிர். அன்றைக்கும் அவரைத் துணி அறையில் உட்கார வைத்தேன். டாக்டருக்குப் பயந்து கணினிக்காரர் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டது எனக்குத் தெரியாது. திரையில் சாம்பல் பெட்டி. டிரைவர் ஒரு தட்டு தட்டினார். இன்னொரு தட்டு. மவுஸைத் தூக்கி மேசையில் அறைந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. “தண்ணி எங்க? எவன்டா எடுத்தது?” என்று கத்தினார். அவர் மனைவி கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். “என்னங்க, என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க,” என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். டிரைவரும் சொன்னார், இந்த முறை அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையையும் சேர்த்து. அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். நான் போர்வை அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, நியாயம் என் பக்கம். போன முறை வந்தபோது, “அத்தை, பிளக்-இன்ல ஓட்டை இருக்கு, திருடன் நுழைஞ்சிடுவான்,” என்றீர்கள். ஓட்டை இருந்தால் அடைப்பார்களா, வீட்டையே இடிப்பார்களா? எவன்டா எடுத்தது என்று அந்த மனிதர் கேட்டாரே, எவன் என்று எனக்குத் தெரியும், குடும்ப மானம் கருதி வாயைத் திறக்கவில்லை. அடுத்த பதிப்பிலேயே பிளக்-இன்னைத் திருப்பி வைக்கும்படி உங்கள் மேலதிகாரியிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நானே டிரைவரை அழைத்துக்கொண்டு அங்கே வருவேன். இப்போது அவருக்கு நன்றாகப் பேச வருகிறது.

நீங்கள் இருவரும் குறை ஒன்றும் இல்லாமல், சளி காய்ச்சல் அண்டாமல், சண்டை வந்தாலும் சாயங்காலத்துக்குள் முடிந்துபோய், நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபமாகவே இருக்கும்
உங்கள் அத்தை

பி.கு.: உறையை ஒட்டப்போனபோது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஓடி வந்தார். “அக்கா, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன், எதையும் சரி பண்ணிடாதீங்க. இன்னும் மூணு பேர அந்தப் பெட்டி முன்னாடி உக்கார வச்சேன். ரெண்டு பேர் திட்ட ஆரம்பிச்சிட்டாங்க. மூணாவது ஆள் பழைய தமிழ் வாத்தியார். ஒரு மணி நேரம் மொறச்சுப் பார்த்துட்டு, ‘உள்ளடக்கத்தைல ஒரு த் காணோம்’னு தெளிவா சொல்லிட்டார்க்கா,” என்கிறார். எனவே மேலே எழுதியது எதையும் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டாம். அந்தப் பெட்டியில் இருக்கும் வரியை மட்டும் இன்னும் கொஞ்சம் எரிச்சல் வரும்படி மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எழுத்துப்பிழை அப்படியே இருக்கட்டும்.